குழந்தைக்கு பேட்டரி கார் வாங்கப் போறீங்களா? நான் பட்ட பாடு நீங்க பட வேணாம்

பொண்ணோட மூணாவது பொறந்தநாளுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணி. ஹால் முழுக்க ஸ்க்ரூவும் வாஷருமா பரப்பி வச்சுக்கிட்டு, ஒரு கையில செல்போன் டார்ச், இன்னொரு கையில எறும்பு சைஸ் எழுத்துல ஒரு மேனுவல்னு உட்கார்ந்திருந்தேன். காலைல அவ எழுந்து ஓடி வந்தா, ஏறி உட்கார்ந்தா, ஸ்டியரிங்கப் புடிச்சா, பெடல மிதிச்சா. வண்டி ஒரு இன்ச் நகரல. பேட்டரி ஒயர நான் மாட்டவே இல்ல. அத மாட்டினா பேட்டரில சார்ஜ் இல்ல, சார்ஜுக்குப் போட்டா 12 மணி நேரம் ஆகும்னு போட்டிருக்கு. வந்தவங்க எல்லாரும் கிளம்பி, அவளும் அழுது தூங்கிப் போன பிறகுதான் அந்த வண்டி முதல் தடவையா ஓடுச்சு, அதுவும் நான் ரிமோட்ல சும்மா ஓட்டிப் பார்த்தது.

அதோட விட்டுச்சா, ரெண்டே மாசத்துல பேட்டரி செத்துப் போச்சு. கடையில போய்க் கேட்டா பேட்டரிக்கு வாரன்ட்டி கிடையாது சார்னு பில்லோட பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுனாங்க, இருந்துச்சு, படிக்காதது என் தப்பு. அதுக்கப்புறம் மச்சான் பையனுக்கு ஒண்ணு, அண்ணன் பொண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வண்டி கூடவே இருந்து பார்த்து வாங்கிக் குடுத்தேன், ரெண்டும் நல்லா ஓடிக்கிட்டிருக்கு. இந்த மூணு வண்டில தெரிஞ்சதைத்தான் வரிசையா எழுதுறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், நீங்க வாங்குறது காரே இல்ல. ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒண்ணு ரெண்டு மோட்டார், ஒரு சின்ன கண்ட்ரோல் பெட்டி, அவ்வளவுதான். மேல தெரியுற பளபளப்பு பாடி வெறும் மூடி.

1. முதல்ல குழந்தையை அளங்க, அப்புறம் வண்டியப் பாருங்க

வயசு மட்டும் பார்த்து வாங்காதீங்க, எடையும் உயரமும் பாருங்க. பெட்டியில போட்டிருக்கற வயசு ஒரு உத்தேசம்தான். உட்கார வச்சா கால் பெடலுக்கு எட்டணும், அதே நேரம் முட்டி ஸ்டியரிங்ல இடிக்கக் கூடாது. பெடல் எட்டாத குழந்தைக்கு வாங்குனா ஒரு வருஷம் நீங்கதான் ரிமோட்ல ஓட்டணும், அதுவும் பரவால்லன்னா சரி.

பொதுவா ஒண்ணரை, ரெண்டு வயசுக்கு 6 வோல்ட் வண்டி போதும், மணிக்கு 3 கிலோமீட்டர் மாதிரி ஊர்ந்து போகும். மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் 12 வோல்ட், அது 3ல இருந்து 6 கிலோமீட்டர் வரைக்கும். 24 வோல்ட்னா எட்டு கிலோமீட்டர், அதுக்கு மேலயும் போற வண்டி இருக்கு, அஞ்சு வயசுக்குக் கீழ யோசிக்கவே வேணாம். இந்த நம்பரெல்லாம் சின்னதா தெரியும், ஆனா பெரியவங்க சாதாரணமா நடக்குற வேகமே மணிக்கு 5 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டுற வண்டின்னா பின்னாடி நீங்க ஓடணும். இதை மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு வயசுதான் ஆகுதுன்னா பேட்டரி கார் வேணாம், காலால தள்ளிட்டுப் போறது இல்லன்னா பின்னாடி கைப்பிடி வச்ச தள்ளு வண்டி வாங்குங்க. சார்ஜும் இல்ல, ரிப்பேரும் இல்ல.

எடை விஷயத்துல ஒரு பொறி இருக்கு. 12 வோல்ட் ஒத்த சீட் வண்டி பெரும்பாலும் 25, 30 கிலோ தாங்கும்னு போட்டிருக்கும், அது மொத்த எடை. ரெண்டு பேர் உட்காருற வண்டின்னு சொல்லி 30 கிலோன்னே போட்டிருந்தா அது பேருக்குத்தான் ரெண்டு சீட்டு. அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணே 18 கிலோ இருக்கும், பக்கத்துல தம்பியையோ தங்கச்சியையோ உட்கார வச்சா லிமிட் முடிஞ்சுது. வாங்குன அன்னிக்கே சித்தப்பா ஒருத்தர் ஆசையா ஏறி உட்காருவாரு பாருங்க, அவர மட்டும் எப்படியாச்சும் தடுத்துடுங்க, கியர் பல்லு பிளாஸ்டிக்.

2. சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு கேளுங்க

இதுதான் முக்கியமான இடம், பொறுமையாப் படிங்க. கடையில வோல்ட் மட்டும்தான் சொல்லுவாங்க. நீங்க கேட்க வேண்டியது ஆம்பியர் ஹவர், பேட்டரி மேலயே ஏ.எச்னு அச்சடிச்சிருக்கும். வோல்ட் எவ்வளவு வேகம்னு சொல்லும், ஆம்பியர் ஹவர் எவ்வளவு நேரம்னு சொல்லும். ரெண்டையும் பெருக்குனா வாட் ஹவர் கிடைக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர்னா 84, அதே 12 வோல்ட்ல 4.5ன்னா 54 தான். ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி மினுக்கிக்கிட்டு நிக்கும், ரெண்டும் 12 வோல்ட்னு சொல்லுவாங்க, ஆனா 4.5 இருக்கறது முக்கால் மணி நேரத்துல நின்னுடும், 7 இருக்கறது ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடும்.

அடுத்தது "டபுள் பேட்டரி" கதை. நான் இதுலதான் ஏமாந்தேன். ரெண்டு 6 வோல்ட் பேட்டரிய சீரீஸா, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல மாட்டுனா 12 வோல்ட் ஆகும், ஆனா ஆம்பியர் ஹவர் ஏறாது. அதாவது 6 வோல்ட் 4.5 ரெண்டு சேர்ந்தா 12 வோல்ட் 4.5, ஒன்பது ஆகாது. அதே ரெண்டையும் பேரலலா, அதாவது பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்னு மாட்டியிருந்தா 6 வோல்ட் 9 ஆம்பியர் ஹவர், ரொம்ப நேரம் ஓடும், ஆனா 6 வோல்ட் வேகம்தான். "ரெண்டு பேட்டரி சார், டபுள் பவர்"னா எப்படி மாட்டியிருக்குன்னு கேளுங்க, தெரியாதுன்னா சார்ஜர எடுத்துக் காட்டச் சொல்லுங்க. 6 வோல்ட் சார்ஜர் இருந்தா அது 6 வோல்ட் வண்டி, கதை முடிஞ்சுது.

மோட்டார். ரெண்டு மோட்டார் இருந்தா ரெண்டு பின் சக்கரமும் தள்ளும், ஒண்ணே ஒண்ணுன்னா ஒரு சக்கரம்தான் தள்ளும், வழுவழு தரையில அந்தச் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். நாலு மோட்டார் கேட்க நல்லாத்தான் இருக்கு, புல்லு, மண்ணுன்னா உபயோகம்தான், ஆனா நாலும் கரண்ட இழுக்குமில்ல, பேட்டரி சின்னதா இருந்து மோட்டார் நாலு இருந்தா விளம்பரத்துக்காகப் பண்ணது. மோட்டார் சைஸ 380, 390, 550னு நம்பர்ல சொல்லுவாங்க, பெரிய நம்பர்னா பெரிய மோட்டார். வீட்டுக்குள்ளயும் சிமெண்ட் தரையிலயும் மட்டும் ஓட்டுறதுக்கு ரெண்டு மோட்டாரே தாராளம்.

பேட்டரி சீல் பண்ண லெட் ஆசிட்டா, லித்தியமான்னும் கேட்டுக்கோங்க. பெரும்பாலும் லெட் ஆசிட்தான், கனமா இருக்கும், 12 வோல்ட் 7 ஒண்ணே ரெண்டு கிலோவுக்கு மேல. லித்தியம் லேசா இருக்கும், ஆனா அதுக்குன்னு இருக்கற சார்ஜர்லதான் போடணும், லெட் ஆசிட் சார்ஜர மாத்திக் குத்துனா தீப்பிடிக்குற ஆபத்து இருக்கு, இதுல விளையாட்டே வேணாம்.

வேற என்ன வசதி பார்க்கலாம்னா, மெதுவா கிளம்புற வசதி இருக்கான்னு பாருங்க. அது இல்லாத வண்டி மிதிச்ச உடனே குதிக்கும், தலை பின்னாடி போய் இடிக்கும், கியருக்கும் கேடு. ரிமோட்ல நிறுத்துற பட்டன் இருக்கணும், சீட் பெல்ட் இருக்கணும். பாட்டு, லைட்டு, கதவு மேல தூக்குறது, ஆடுற சீட்டு இதெல்லாம் ரெண்டு வாரத்துல போரடிச்சிடும், எங்க வீட்டுல அந்தப் பாட்டுப் பொட்டி ஒயர நானே கழட்டிட்டேன்.

3. ஓட்டப் போற இடம், வைக்கப் போற இடம்

டேப் எடுத்து வாசக்கதவு அகலம், லிஃப்ட் அகலம், மாடிப்படி திருப்பம் மூணையும் அளந்துக்கோங்க. பெட்டியே நாலடி நீளம் வரலாம், மாட்டி முடிச்ச வண்டி இன்னும் அகலமா இருக்கும். மாடியில மாட்டிட்டு தினமும் கீழ தூக்கிட்டு வர்றதா இருந்தா எடையும் பாருங்க, 12 வோல்ட் வண்டி சாதாரணமா 12, 15 கிலோ, பெருசுன்னா இருபதைத் தாண்டும்.

சக்கரம் வெறும் பிளாஸ்டிக்னா ரோட்டுல கடகடன்னு ஊரையே எழுப்பும், வழுக்கவும் செய்யும். ஈ.வி.ஏ ஃபோம் (செருப்பு அடி மாதிரி மெத்துன்னு இருக்கறது) சக்கரம் சத்தம் கம்மி, பிடிப்பு ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, ஆனா இதுக்குக் குடுக்கலாம், நான் குடுப்பேன்.

சரிவு இருக்கற இடம்னா யோசிங்க. இந்த வண்டிகள்ல தனியா பிரேக் கிடையாது, பெடல்ல இருந்து கால எடுத்தா மோட்டாரே இழுத்துப் புடிச்சு நிறுத்துறதுதான் பிரேக்கு. சமதளத்துல அது போதும். சரிவுல அத நம்ப முடியாது. படிக்கட்டு, தண்ணித் தொட்டி, குளம், வண்டி வர்ற ரோடு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது.

4. பேப்பர், பேப்பர், பேப்பர்

எனக்கு நஷ்டம் வந்தது இங்கதான். என்னென்ன வாங்கி வைக்கணும்னா:

பில்லு. அதுல மாடல் நம்பர் எழுதியிருக்கணும், "டாய் கார் 1"னு மட்டும் எழுதிக் குடுத்தா திருப்பிக் குடுத்து எழுதச் சொல்லுங்க. பின்னாடி ரிமோட்டோ கண்ட்ரோல் பெட்டியோ மாத்தணும்னா மாடல் நம்பர் இல்லாம ஒண்ணும் நடக்காது.

வாரன்ட்டி அட்டை. பாடிக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு, பேட்டரிக்கும் சார்ஜருக்கும் எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. "ஒரு வருஷ வாரன்ட்டி"ன்னு வாயால சொல்லுறதுக்கு உள்ள பேட்டரி இல்லாம இருக்கலாம், முதல்ல போறதே பேட்டரிதான். கடையோட சீல், தேதி வாங்கிக்கோங்க.

மேனுவல். பெட்டியோட தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லாப் பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சிடுங்க, ரிமோட்ட வண்டியோட சேர்க்குற பக்கம் ஆறு மாசம் கழிச்சு கட்டாயம் தேவைப்படும்.

பாதுகாப்பு முத்திரை. பொம்மைகளுக்குன்னு தரக் கட்டுப்பாடு இருக்கு, ஐ.எஸ்.ஓ 8124, ஐரோப்பால ஈ.என் 71, அமெரிக்கால ஏ.எஸ்.டி.எம் எஃப் 963, மின்சாரத்துல ஓடுற பொம்மைக்குத் தனியா ஐ.ஈ.சி 62115. நீங்க இருக்கற நாட்டுல எந்த முத்திரை கட்டாயமோ அது பெட்டில மட்டுமில்ல, வண்டியிலயும் ஒட்டியிருக்கான்னு பாருங்க. சார்ஜர் மேலயும் பாருங்க, அதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, வீட்டு மெயின் கரண்டுல குத்துறது அதுதானே.

பேட்டரி தயாரிச்ச தேதி. லெட் ஆசிட் பேட்டரி சும்மா வச்சிருந்தாலே மாசத்துக்கு சுமார் 3 சதவீதம் சார்ஜ் இறங்கும், வெயில் இடத்துல இன்னும் வேகமா. ஒன்றரை வருஷமா கடை மூலையில கிடந்த வண்டிய தள்ளுபடில வாங்குனா பாதி செத்த பேட்டரியத்தான் வாங்குறீங்க.

ஆன்லைன்ல வாங்குறவங்க பெட்டி பிரிக்கிறத ஆரம்பத்துல இருந்து கட் இல்லாம வீடியோ எடுங்க. முன் கண்ணாடியும் சைடு மிரரும் வழியிலயே உடைஞ்சு வர்றது சகஜம், வீடியோ இல்லன்னா நீங்கதான் உடைச்சீங்கம்பாங்க.

5. செலவு எங்க எங்க ஒளிஞ்சிருக்கு

வண்டி விலை மட்டும் கணக்குப் போடாதீங்க. டெலிவரி பெட்டி பெருசுங்கறதால எடையப் பார்க்காம அளவப் பார்த்து காசு கேட்பாங்க, திருப்பி அனுப்புறதா இருந்தா அந்தக் கூலி உங்க தலையிலயே விழலாம், முன்னாடியே கேட்டுக்கோங்க. மாட்டிக் குடுக்க ஆள் வேணும்னா அதுக்குத் தனி. ரிமோட்டுக்கு ரெண்டு சின்ன செல்லு, பல பெட்டில அது இருக்காது. சில வண்டில ஸ்டியரிங் ஹாரனுக்கும் தனி செல்லு போடணும்.

பெரிய செலவு பேட்டரி மாத்துறது. முழுசா தீர்த்துத் தீர்த்து சார்ஜ் பண்ணா லெட் ஆசிட் பேட்டரி ஒரு 200, 300 தடவை தாங்கும், கவனிக்காம விட்டா என்னுது மாதிரி ரெண்டு மாசம். ஆனா ஒரு நல்ல சேதி, இதுல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி பெரும்பாலும் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ல இருக்கற அதே பேட்டரி, 151க்கு 65 மில்லிமீட்டர், உயரம் 94 கிட்ட. 6 வோல்ட் 4.5 எமர்ஜென்சி லைட்ல வர்றது. பொம்மைக் கம்பெனி ஸ்பேர்னு தேடுறதுக்குப் பதிலா அந்தப் பேட்டரி விக்கிற இடத்துல அளவச் சொல்லிக் கேளுங்க. ஒயர் மாட்டுற தகடு அகலம் ரெண்டு வகை இருக்கு, 4.8 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர், பழசோட ஒத்துப் போகுதான்னு பார்த்து வாங்குங்க, பழசையே கையோட எடுத்துட்டுப் போயிடுறது உத்தமம்.

இதனாலதான் பழைய வண்டி வாங்குறதும் தப்பில்லைங்கறேன். பாடி, கியர், மோட்டார் நல்லா இருந்து பேட்டரி மட்டும் போயிருந்தா பாதி விலைக்கும் கீழ பேசி எடுத்துடலாம். ஆனா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, முன்னாடி பின்னாடி ரெண்டும். டக் டக்னு சத்தம் வந்தா கியர் பல்லு போயிடுச்சுன்னு அர்த்தம்.

6. எப்ப வாங்கணும்

பொறந்தநாளுக்குக் குடுக்கறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி வண்டி கையில இருக்கணும். ரெண்டு மாசம் முன்னாடியே ஆஃபர்ல வாங்கி அட்டப்பெட்டியோட பரண்ல ஏத்திடாதீங்க. வாரன்ட்டியும் திருப்பிக் குடுக்குற கெடுவும் பில் தேதியில இருந்து ஓட ஆரம்பிச்சிடும், நீங்க பிரிச்ச தேதியில இருந்து இல்ல. அதுக்குள்ள பேட்டரியும் இறங்கிடும்.

வந்த அன்னிக்கே பிரிச்சு சாமானெல்லாம் லிஸ்ட்படி எண்ணுங்க. அப்புறம் முழுசா மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயர மட்டும் மாட்டி லைட் எரியுதா, பெடல மிதிச்சா மோட்டார் சுத்துற சத்தம் வருதா, ரிமோட் பேசுதான்னு பார்த்துடுங்க. மாட்டி முடிச்ச வண்டிய பல இடத்துல திருப்பி எடுக்கவே மாட்டாங்க, பெட்டிக்குள்ள மறுபடி அடங்கவும் அடங்காது. ஒரு நாள் டெஸ்ட், ஒரு நாள் மாட்டுறது, ஒரு ராத்திரி சார்ஜ், ஏதாவது தப்பா இருந்தா மாத்த மிச்ச நாள், இதுதான் அந்த ஒரு வாரக் கணக்கு.

7. மாட்டுறது

ஒண்ணரைல இருந்து ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க, குழந்தை தூங்குற நேரமாப் பார்த்து. ஸ்க்ரூ, வாஷர், பிளாஸ்டிக் கவர் எல்லாம் வாயில போடுற சாமான். நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, சின்ன ஸ்பேனர் ஒண்ணு போதும். டிரில் மெஷின்ல முடுக்காதீங்க, பிளாஸ்டிக்ல ஸ்க்ரூ போற வழி தேஞ்சு லூசாயிடும், அப்புறம் எதுவும் நிக்காது.

எங்கெங்க தப்பு நடக்கும்னு மட்டும் சொல்றேன், மிச்சத்த மேனுவல் பார்த்துக்கும். பின் மோட்டார் ரெண்டுலயும் இடது வலதுன்னு குறி இருக்கும், மாத்திப் போட்டா வண்டி நேராப் போகாம சண்டை போடும். மோட்டாரோட கியர் பெட்டி பல்லும் சக்கரத்து உள்பக்கப் பள்ளமும் ஒண்ணோட ஒண்ணு முழுசா உட்காரணும், அரைகுறையா உட்கார்ந்தா மோட்டார் சுத்தும், சக்கரம் சுத்தாது. நட்ட முடுக்கினாலும் கையால சுத்துனா முன் சக்கரம் லேசா ஓடணும். வாஷர் மிஞ்சுச்சுன்னா எங்கயோ விட்டுட்டீங்க, திரும்பப் பாருங்க, "எக்ஸ்ட்ரா குடுத்திருப்பான்"னு என்னை மாதிரி ஜோப்புல போட்டுக்காதீங்க.

ஸ்டியரிங் கம்பி கீழ இருக்கற ஓட்டைக்குள்ள சரியா மாட்டியிருக்கான்னு வண்டியச் சாய்ச்சுப் பாருங்க. ஸ்டியரிங்குக்கு வர்ற ஒயர் பிளக்க அழுத்தி மாட்டிட்டு அப்புறம் போல்ட்டு போடுங்க. சீட்ட மூடுறதுக்கு முன்னாடி பேட்டரிய அதோட பட்டையோ பிடியோ போட்டு அசையாம நிறுத்துங்க, சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட. சீட்டு ஸ்க்ரூ கட்டாயம் போடணும், குழந்தை கை பேட்டரிக்குப் போகாம தடுக்குறதே அதுதான்.

8. முதல் சார்ஜ்

கணக்கு ரொம்ப சிம்பிள். பேட்டரி 7 ஆம்பியர் ஹவர், சார்ஜர் மேல 700 மில்லிஆம்பியர்னு போட்டிருந்தா ஏழை 0.7ஆல வகுத்தா 10 மணி நேரம், வீணாப் போறதையும் சேர்த்து 12. 4.5க்கு 500 மில்லிஆம்பியர் சார்ஜர்னா 9, சேர்த்து 10, 11. முதல் தடவை மேனுவல்ல போட்டிருக்கற முழு நேரமும் போடுங்க. ரெண்டு மணி நேரம் போட்டுட்டு ஓட்டுனா பேட்டரிய ஆரம்பத்துலயே பலவீனமாக்குறீங்க.

பொம்மையோட வர்ற சார்ஜர் பலதும் ஃபுல் ஆனதும் தானா நிக்காது. போன் சார்ஜர் பழக்கத்துல ரெண்டு நாள் அப்படியே விட்டுட்டா பேட்டரி சூடாகி உப்பிடும். போன்ல அலாரம் வச்சுக்கோங்க. கட்டில் மேல, திரைச்சீலை பக்கத்துல, யாரும் இல்லாத வீட்டுல சார்ஜ் போடாதீங்க. சார்ஜர் லேசா வெதுவெதுன்னு இருக்கறது சரி, கை வைக்க முடியாம சுட்டா கழட்டிடுங்க. சார்ஜ் ஏறும்போது வண்டி ஓடாது, பல வண்டில லைட் கூட எரியாது, அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் பண்ணியிருக்காங்க.

அண்ணன் வீட்டுல இதே பின் இருக்கற ரவுட்டர் சார்ஜர குத்திப் பார்த்தாங்க, பின் உள்ள போகுதுங்கறதுக்காக எதையும் குத்தக் கூடாது. 6 வோல்ட் சார்ஜரும் 12 வோல்ட் சார்ஜரும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ரெண்டு வண்டி இருக்கற வீட்டுல மேல பேரு எழுதி ஒட்டிடுங்க.

9. ரிமோட் சேர்க்குறது

வண்டி ஆஃப்ல இருக்கணும். ரிமோட்ல மேனுவல் சொல்ற பட்டன் ஒண்ணோ ரெண்டோ சேர்த்து ரெண்டு மூணு செகண்ட் அழுத்துனா லைட் வேகமா மினுக்கும், அப்ப வண்டிய ஆன் பண்ணா லைட் நின்னு எரியும், அவ்வளவுதான். செல்லு மாத்துனா சில ரிமோட்டுக்கு மறுபடி இதே வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டா இருந்தா பக்கத்துல நாலு வண்டி ஓடுனாலும் ஒண்ணோட ஒண்ணு குழம்பாது, பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையில பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு உங்க வண்டி ஓடும். சில வண்டில ரிமோட்டுக்கும் பெடலுக்கும் தனி சுவிட்ச் இருக்கு, அது ரிமோட்ல இருந்தா எவ்வளவு மிதிச்சாலும் நகராது, இதுக்காகவே கடைக்குத் தூக்கிட்டுப் போன ஆளு இருக்காரு, என் மச்சான்தான்.

10. முதல் வாரம்

முதல்ல நீங்க ரிமோட்ல, கம்மி வேகத்துல, காலியா. அப்புறம் குழந்தைய உட்கார வச்சு, ஷூ போட்டு, பெல்ட் போட்டு. நீள முடியா இருந்தா கட்டி விடுங்க, தொங்குற துணி சக்கரத்துல சுத்திக்கும். நிறுத்துற பட்டன் எதுன்னு கட்டை விரலுக்குப் பழகணும், பதட்டத்துல தேடிக்கிட்டு இருக்க முடியாது.

குழந்தைக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நின்னதுக்கு அப்புறம்தான் ரிவர்ஸ். ஓடிக்கிட்டே இருக்கும்போது ரிவர்ஸ் சுவிட்சத் தட்டுனா கியர் பல்லு உடையும், அதிகமா வர்ற ரிப்பேரே இதுதான். மழையிலயும் ஈரத்துலயும் ஓட்டாதீங்க, பைப் வச்சு கழுவாதீங்க, ஈரத்துணியால துடைச்சாப் போதும். வேகம் பத்தலன்னு 12 வோல்ட் வண்டில 18, 24 வோல்ட் பேட்டரி மாட்டுற வீடியோ நிறைய சுத்துது. மோட்டார், ஒயர், கண்ட்ரோல் பெட்டி எதுவும் அதுக்குப் பண்ணதில்ல, உட்கார்ந்திருக்கறது உங்க குழந்தை.

11. ஓடலன்னா, கடைக்குத் தூக்குறதுக்கு முன்னாடி

பேட்டரி பிளக் கழண்டிருக்கான்னு பாருங்க, பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிடும். ஓடிக்கிட்டிருந்தது ஏத்தத்துலயோ புல்லுலயோ திடீர்னு நின்னுட்டா தானா ரீசெட் ஆகுற ஃப்யூஸ் கட் ஆகியிருக்கும், ஆஃப் பண்ணிட்டு ஒரு சில நிமிஷம் விடுங்க, திரும்ப வந்துடும். திரும்பத் திரும்ப கட் ஆச்சுன்னா எடை ஜாஸ்தி இல்லன்னா சக்கரத்துல ஏதோ சிக்கியிருக்கு. சார்ஜ் ஏறுற மாதிரியும் இருக்கு, வண்டியும் ஓடலன்னா சார்ஜிங் ஓட்டைக்குள்ள இருக்கற காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு, வண்டி இன்னும் சார்ஜ்லயே இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கலாம், சார்ஜர் பின்ன ரெண்டு மூணு தடவை குத்தி எடுத்துப் பாருங்க.

வோல்ட் அளக்குற சாதா மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா சந்தேகமே வேணாம். சார்ஜ் போட்டு எடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு அளங்க, 12 வோல்ட் பேட்டரி 12.7 கிட்ட காட்டணும், 6 வோல்ட்னா 6.3, 6.4. பன்னெண்டுக்குக் கீழ இருந்தா காலி. ஃபுல்லா சார்ஜ் போட்டும் பத்து பதினொண்ணுலயே நிக்குதுன்னா பேட்டரி முடிஞ்சுது. 12.7 காட்டிட்டு பெடல மிதிச்ச உடனே எட்டு, ஒன்பதுன்னு விழுந்தாலும் அதேதான். பேட்டரி நல்லா இருந்து மோட்டார் சுத்தலன்னா பெடல் சுவிட்ச், அப்புறம் கண்ட்ரோல் பெட்டி. கண்ட்ரோல் பெட்டி மாத்துறதா இருந்தா அது மேல இருக்கற நம்பர அப்படியே போட்டோ எடுத்து, ரிமோட்டோட சேர்த்து ஜோடியா வாங்குங்க, தனியா வாங்குனா ஒண்ணுக்கொண்ணு பேசாம போக வாய்ப்பு இருக்கு.

12. ஓட்டாத மாசங்கள்ல

என் பேட்டரி செத்தது இதனாலதான். தீரத் தீர ஓட்டிட்டு அப்படியே மூலையில நிறுத்திட்டோம், ஆறு வாரம் யாரும் தொடல. லெட் ஆசிட் பேட்டரிய காலியா விட்டா உள்ள தகட்டுல உப்பு மாதிரி கட்டிப் போய் அப்புறம் சார்ஜே ஏத்துக்காது. ஓட்டி முடிச்ச அன்னிக்கே சார்ஜ் போடுங்க. வண்டி வேகம் குறைய ஆரம்பிச்சாலே நிறுத்திடுங்க, உயிர் போற வரைக்கும் ஓட்ட விடாதீங்க. ரொம்ப நாள் எடுக்க மாட்டோம்னா ஃபுல் சார்ஜ் பண்ணி, பிளக்கக் கழட்டி, வெயில் படாத இடத்துல வச்சு, மாசம் ஒரு தடவை சார்ஜ். ரிமோட்ல இருந்து செல்லையும் எடுத்துடுங்க, ஒழுகி உள்ள இருக்கற ஸ்பிரிங்கத் தின்னுடும்.

செத்த பேட்டரிய குப்பையில போடாதீங்க, உள்ள ஈயமும் ஆசிடும் இருக்கு. புதுசு வாங்குற இடத்துலயே பழசக் குடுத்தா பெரும்பாலும் எடுத்துக்குவாங்க, எடைக்கு ஏத்த மாதிரி புதுசோட விலையில கொஞ்சம் கழிச்சும் குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க, நானே மூணாவது தடவைதான் கேட்டேன்.